வரவேற்பறையில் ஒரு திரையரங்கு: வாங்கும் முன் இயற்பியலைக் கேளுங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது. ஐந்து சிறிய ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர், பெட்டியின் மேல் பொன்னிற எழுத்தில் "3000 வாட்". சேர்த்து வைத்த பணத்தில் அம்மாவுக்காக வாங்கினேன். அம்மாவுக்குக் காது சற்று மந்தம். பழைய படங்கள் என்றால் உயிர். நல்ல ஒலி வந்தால் அவருக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் படம் ஓடி பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "என்னாப்பா பேசுறாங்க? ஒண்ணும் வெளங்கலையே" என்றார் அம்மா. ஒலியைக் கூட்டினேன். அடுத்த காட்சியில் கார் வெடித்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஐயோ, கொறைச்சிரு!" குறைத்தேன். மறுபடியும் பேச்சு கேட்கவில்லை. ஒரு மாதத்தில் அம்மா வரவேற்பறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தம் அறையில் திறன்பேசியைக் காதருகே வைத்துக்கொண்டு தனியாகப் படம் பார்த்தார்.

படிவம் நான்கு மாணவர்களுக்கு அலைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது. பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்த ஒவ்வொரு தலைப்பும் என் வீட்டு வரவேற்பறையில் நான் செய்திருந்த ஒரு தவற்றின் பெயராக இருந்தது. எதிரொளிப்பு, குறுக்கீடு, ஒத்ததிர்வு. பாடம் தெரிந்திருந்தது, வீட்டில் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்தத் தீபாவளிக்கு ஒரு ஒலி அமைப்பு வாங்க நினைக்கலாம். அவர்கள் கடைக்குப் போகும் முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் பணம் வீணாகாது.

இரண்டு காதுகளின் கணக்கு

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் இடப்பக்கம் நின்று கைதட்டட்டும். திசையை உடனே சொல்லிவிடுவீர்கள். எப்படி?

நம் ஊர் வெப்பத்தில், ஏறக்குறைய 30 பாகை செல்சியசில், ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. இடப்பக்கத்து ஒலி முதலில் இடக்காதை அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு வலக்காதை அடைய இன்னும் 0.6 முதல் 0.7 மில்லி விநாடி ஆகிறது. இமைப்பொழுதைவிடப் பலநூறு மடங்கு சிறிய இந்த வேறுபாட்டை மூளை அளந்துவிடுகிறது. அதோடு, அதிர்வெண் கூடிய ஒலிகளைத் தலை மறைத்து நிழல் போடுவதால் வலக்காதில் அவை மெலிந்து கேட்கின்றன. காலம், வலிமை ஆகிய இந்த இரண்டு தடயங்களைப் பற்றி 1907ஆம் ஆண்டிலேயே ரேலி பிரபு விளக்கியிருக்கிறார்.

காதை ஏமாற்றவும் இதே தடயங்கள் போதும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒரே குரலை ஒரே வலிமையில் ஒலிக்கச் செய்து, இரண்டுக்கும் நடுவில் உட்காருங்கள். எதுவுமே இல்லாத நடு இடத்திலிருந்து குரல் வருவதுபோல் தோன்றும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931இல் இந்த இருதட ஒலிமுறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1940இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படத்துக்குச் சில அரங்குகளில் பல தடங்களில் ஒலி அமைத்தார்கள். அந்த முயற்சிகளின் தொடர்ச்சிதான் இன்று கடையில் காணும் "5.1".

5.1 என்றால் என்ன? முன்னால் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர்கள். பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. ஆக ஐந்து. ".1" என்பது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மட்டுமான தடம். இடி, வெடி, பூமி அதிர்ச்சி எல்லாம் அங்கே போகும். அதை ஒலிப்பது சப்வூஃபர்.

ஒரு செய்தியை இங்கே அடிக்கோடிடுங்கள். திரைப்படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. பின்னால் இருக்கும் இரண்டும் மழை, கூட்டம், பறவை போன்ற சூழல் ஒலிக்கு. "சரவுண்ட்" என்ற சொல்லில் மயங்கிப் பின்னால் இருப்பதையே பெரிதாக நினைக்கிறோம். உண்மையில் கதை நடுவில் இருக்கிறது.

பெட்டியில் இருக்கும் எண்கள்

இப்போது அந்த "3000 வாட்". நம் வீட்டு மூன்றுமுனைச் செருகியின் உருகி 13 ஆம்பியர். மின்னழுத்தம் 230 வோல்ட். பெருக்கினால் 2990 வாட். அதாவது அந்தப் பெட்டி சொன்னது உண்மையானால், அது ஒரு மின்கேத்தலைவிட அதிகமாக மின்சாரம் இழுத்து உருகியை அதன் எல்லைக்கே கொண்டுபோக வேண்டும். நான் கருவியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பார்த்தேன். "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 95 வாட்" என்று சிறிய எழுத்தில் இருந்தது.

ஆற்றல் அழிவின்மை விதி நினைவிருக்கிறதா? 95 வாட் உள்ளே போனால் 3000 வாட் தொடர்ந்து வெளியே வர முடியாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் சேமித்த ஆற்றலை நொடியில் மிகச் சிறிய பகுதிக்கு வாரி வழங்கலாம். அந்தக் கணத்து உச்சத்தை இன்னும் ஊதிப் பெரிதாக்கி அட்டையில் போடுவதுதான் "பிஎம்பிஓ" என்ற எண். அதற்கு ஒரே மாதிரியான அளவீட்டு முறை கிடையாது. ஆகவே ஒப்பிடவும் முடியாது. நீங்கள் தேட வேண்டியது "ஆர்எம்எஸ்" என்று குறிக்கப்பட்ட தொடர் திறன். அதுவும் ஒரு தடத்துக்கு எவ்வளவு, எத்தனை ஓம் சுமையில் என்று எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து, எவ்வளவு வாட் போதும்? இதற்கு டெசிபல் கணக்கு வேண்டும். இரண்டே விதிகள். திறன் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். திறன் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். நம் காதுக்கு ஒலி இரண்டு மடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். ஆக 50 வாட் ஆம்ப்ளிபயருக்குப் பதில் 100 வாட் வாங்கினால் ஒலி இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரின் விவரத் தாளில் "உணர்திறன்" என்ற எண்ணைப் பாருங்கள். 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் 87 டெசிபல் வரும் என்று பொருள். நீங்கள் 3 மீட்டர் தொலைவில் அமர்கிறீர்கள். தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் ஒலிச்செறிவு குறையும். 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 9.5 டெசிபல் குறைவு. மிச்சம் 77.5 டெசிபல். படம் பார்க்க 75 டெசிபலே தாராளம். ஆக, சாதாரணக் காட்சிகளுக்கு ஒரு வாட்கூடத் தேவையில்லை! திடீர் வெடிச் சத்தத்துக்கு 20 டெசிபல் மேலே போக வேண்டுமென்றால் நூறு மடங்கு திறன் வேண்டும். அதற்கும் தடத்துக்கு 50, 60 வாட் போதும்.

84 டெசிபல் ஸ்பீக்கர், 90 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 6 டெசிபல். முதலாவதற்கு 80 வாட் தேவைப்படும் இடத்தில் இரண்டாவதற்கு 20 வாட் போதும்.

கையிருப்புக்கு ஏற்ற தேர்வு

பணம் குறைவாக இருக்கும்போது பலர் செய்யும் தவறு, அந்தப் பணத்தை ஆறு பெட்டிகளுக்குப் பங்கிடுவது. 600 ரிங்கிட்டை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 100. அதே 600 ரிங்கிட்டை இரண்டு நல்ல ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சிறிய ஆம்ப்ளிபயருக்கும் செலவிட்டால் பேச்சும் பாட்டும் எத்தனையோ தெளிவாக இருக்கும். ஆகவே எதற்கு முதலிடம் என்று ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன்னால் இருக்கும் இடம், வலம். அடுத்து நடு. அதற்கடுத்து சப்வூஃபர். கடைசியில் பின்பக்க ஸ்பீக்கர்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்றாகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்க வேண்டுமானால் தொடக்கத்திலேயே ஐந்து தடங்கள் உள்ள ஏவி ரிசீவர் வாங்குவது நல்லது. நல்ல நிலையிலுள்ள பழைய ரிசீவர் புதியதைவிட மிக மலிவாகக் கிடைக்கும். ஆனால் வாங்கும் முன் ஐந்து தடங்களும் ஒலிக்கின்றனவா, ஒலியில்லாதபோது "உம்ம்" என்ற முனகல் வருகிறதா, குமிழைத் திருப்பினால் கரகரக்கிறதா என்று நேரில் இயக்கிப் பாருங்கள்.

கம்பி இழுக்க இடமில்லாத வீடுகளுக்கு சவுண்ட்பார் பொருந்தும். அதிலும் நடுத்தடம் தனியாக உள்ளதையும் சப்வூஃபர் பிரிந்துள்ளதையும் தேடுங்கள்.

இணைப்பு முறையையும் கேட்டுவிடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து ஒலியை வெளியே அனுப்ப "எச்டிஎம்ஐ ஏஆர்சி" துளையோ ஒளியிழை வழியோ இருந்தால் 5.1 ஒலி போய்ச் சேரும். புளூடூத் வழியாக அனுப்பினால் பெரும்பாலும் இரண்டு தடங்கள்தான் கிடைக்கும். உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடைவெளி விழவும் கூடும். இணைத்த பிறகு தொலைக்காட்சியின் ஒலி அமைப்புப் பட்டியலுக்குப் போய், அது இரண்டு தடங்களாகச் சுருக்கி அனுப்புகிறதா என்றும் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் ஆறு பெட்டிகள் இருந்தும் இரண்டு தடங்களே ஒலிப்பதற்கு இந்த ஒரு தேர்வுதான் காரணம்.

கடையில் உங்களுக்குப் போட்டுக் காட்டுவது வெடிச் சத்தமாகத்தான் இருக்கும். நீங்கள் பேச்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். செய்தி வாசிப்பு மிக நல்லது. "ல", "ழ", "ள" மூன்றும் பிரிந்து கேட்கின்றனவா என்று கவனியுங்கள். தமிழ்க் காதுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. செருகியிலும் அடாப்டரிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

கோணமும் தொலைவும்

இனி அமைப்பு. ஒரு சாதாரணத் தரைவீட்டு வரவேற்பறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 5 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். தொலைக்காட்சி குறுகிய சுவரில் இருக்கிறது.

முன் ஸ்பீக்கர் இரண்டும் உங்கள் தலையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் ஆக வேண்டும். அப்போது ஒவ்வொரு ஸ்பீக்கரும் நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை விலகியிருக்கும். தலையிலிருந்து ஸ்பீக்கர் வரிசைக்கு நேர்த்தொலைவு 2.6 மீட்டர் என்றால் ஸ்பீக்கர்களுக்கு இடையே 3 மீட்டர். நம் அறையில் அது சுவரை ஒட்டிவிடும். பரவாயில்லை, கோணத்தை 22 பாகை வரை குறைக்கலாம். அப்போது இடைவெளி 2.1 மீட்டர் போதும். நடு ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழே, காதை நோக்கிச் சற்று நிமிர்ந்து. பின்பக்க ஸ்பீக்கர்கள் முன்னிருந்து 110 முதல் 120 பாகையில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலாக.

என் வீட்டில் நான் செய்தது என்ன தெரியுமா? நடு ஸ்பீக்கரைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள், கோப்பைகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் நடுவே வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேச்சின் தெளிவைத் தரும் மெய்யெழுத்து ஒலிகள் பெரும்பாலும் உயர் அதிர்வெண் கொண்டவை. கண்ணாடி அவற்றைத்தான் முதலில் தடுக்கும். அம்மாவின் காதும் அதே உயர் அதிர்வெண்களில்தான் மந்தம். வயதானவர்களுக்குக் கேள்வித்திறன் பெரும்பாலும் அங்கிருந்துதான் குறையத் தொடங்குகிறது. நான் கதவைப் போட்டு மீதியையும் அடைத்துவிட்டேன்.

இன்னொரு தவறு, பின்பக்க ஸ்பீக்கர் ஒன்று அம்மாவின் நாற்காலியிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், முதலில் வந்து சேர்வதன் திசையைத்தான் மூளை நம்பும். 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். முன் ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் 1.5 மீட்டரிலும் இருந்தால் வேறுபாடு 1.5 மீட்டர். 350ஆல் வகுத்தால் 0.0043 விநாடி, அதாவது 4.3 மில்லி விநாடி. ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தொலைவையும் கேட்பது இதற்குத்தான். அளவு நாடாவால் அளந்து எண்ணைக் கொடுத்தால், அருகில் இருக்கும் ஸ்பீக்கரை அது 4.3 மில்லி விநாடி தாமதமாக ஒலிக்கவைக்கும். எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும்.

சப்வூஃபரைத் தேடித் தவழுங்கள்

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எவ்வளவு? 350ஐ 40ஆல் வகுத்தால் 8.75 மீட்டர். அறையைவிட நீளம்! இத்தனை பெரிய அலைக்குத் திசை கண்டுபிடிக்கக் காதுக்குத் தடயம் கிடைப்பதில்லை. அதனால்தான் ஒரே ஒரு சப்வூஃபர் போதும், அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் ஒரு சிக்கல் உண்டு.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலிகள் மோதித் திரும்பி நிலை அலைகளாகின்றன. மிகத் தாழ்ந்த ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் காண, ஒலியின் வேகத்தை அறை அளவின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். நம் அறையின் நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 50, உயரத்துக்கு 58. இந்த அதிர்வெண்கள் சுவரோரத்தில் முழங்கும், அறையின் நடுவில் மங்கும். மூலையில் சப்வூஃபரை வைத்தால் மூன்று ஒத்ததிர்வுகளையும் ஒன்றாகத் தட்டி எழுப்பும். என் வீட்டுச் சன்னல் அதிர்ந்த காரணம் இதுதான்.

தீர்வுக்குப் பைசா செலவில்லை. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் வையுங்கள். தாழ்ந்த தாளம் தொடர்ந்து வரும் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு அறையின் ஓரங்களில் தரையோடு தவழ்ந்து போய்க் கேளுங்கள். சில இடங்களில் முழக்கம், சில இடங்களில் ஒன்றுமே இல்லை, சில இடங்களில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, சீராக. அந்தச் சீரான இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். ஒலி மூலத்தையும் கேட்பவரையும் இடம் மாற்றினாலும் விளைவு மாறாது என்பதால் இந்த முறை பலிக்கிறது. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ரிசீவரில் "கிராஸ்ஓவர்" என்று ஓர் எண் இருக்கும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்புவது என்பதே அது. 80 ஹெர்ட்ஸ் பொதுவான தொடக்கம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்கள் என்றால் 100 முதல் 120 வரை உயர்த்துங்கள்.

அறையும் ஒரு கருவிதான்

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசுவது மாணவர்களுக்கு விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டு, ஒலி மடிய எத்தனை விநாடி ஆகிறது என்று இரவுகளில் அளந்தார். மெத்தை கூடக் கூட எதிர்முழக்க நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்த விதி எளிமையானது: அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உட்கவர்தலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

நம் அறையின் கனஅளவு 52.5 கனமீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 86 சதுரமீட்டர். வழவழப்பான தரையோடும் சிமெண்டுப் பூச்சும் ஒலியில் 3 விழுக்காட்டை மட்டும் உட்கவர்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2.6. எதிர்முழக்க நேரம் சுமார் 3.3 விநாடி! ஒரு சொல் மறையும் முன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் வந்து விழும். இப்போது துணிச் சோபா, தடித்த திரைச்சீலை, ஒரு கம்பளம், நான்கு மனிதர்கள் சேர்ந்து இன்னும் 12 அலகு உட்கவர்கிறார்கள் என்போம். நேரம் 0.6 விநாடியாகச் சுருங்கும். அம்மாவுக்கு "வெளங்காத" பேச்சு விளங்கத் தொடங்குவது இங்கேதான்.

கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு "ட்ர்ர்" என்று சுவர்களுக்கிடையே ஒலி துள்ளினால் உங்கள் அறைக்குத் துணி தேவை. முட்டை அட்டைகளை ஒட்டிப் பயனில்லை. அவை மிக மெல்லியவை. புத்தகங்கள் நிறைந்த அலமாரி அதைவிட எவ்வளவோ மேல்.

சிவப்பும் கறுப்பும்

ஸ்பீக்கர் கம்பியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு முனைகள் உண்டு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிப் பொருத்திவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். முகடும் அகடும் சந்திக்கும். அழிவுக் குறுக்கீடு! தாழ்ந்த ஒலிகள் மறைந்துபோகும். நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அலையும். தொலைக்காட்சித் தொடர்களில் பல இரண்டு தடங்களில்தான் வருகின்றன. அவற்றில் பேச்சு கெட இந்த ஒரு பிழை போதும். என் வீட்டில் இடப்பக்க ஸ்பீக்கர் அப்படித்தான் பொருத்தப்பட்டிருந்தது.

கம்பியின் தடிமனும் முக்கியம். 10 மீட்டர் தொலைவு என்றால் போய்த் திரும்ப 20 மீட்டர் செம்பு. குறுக்குப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர் என்றால் மின்தடை 1.7 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய திறனில் ஏறக்குறைய 17 விழுக்காடு கம்பியிலேயே வெப்பமாகிவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 3 விழுக்காடுதான். அதற்குமேல் பொன் முலாம், வெள்ளி முலாம் என்று விலை ஏற்றிச் சொன்னால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். கம்பி பொருத்தும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் செருகியைக் கழற்றி வைப்பதும் நம் நாட்டில் அவசியம்.

எவ்வளவு ஒலி போதும்?

ரிசீவரில் சோதனை ஒலியைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் திறன்பேசியின் ஒலி அளவுச் செயலியால் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அளந்து எல்லாவற்றையும் சமமாக்குங்கள். திறன்பேசியின் எண் துல்லியமாக இராது. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். வீட்டில் காது மந்தமானவர் இருந்தால் பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் உயர்த்துங்கள். முழு ஒலியையும் கூட்டுவதைவிட இது எல்லாருக்கும் நல்லது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. ஒலியைக் கூட்டும் குமிழ் உங்கள் கையில் இருக்கிறது, மாற்றுச் செவி இல்லை.

பொதுச்சுவர் உள்ள வீடுகளில் பக்கத்து வீட்டாரையும் நினையுங்கள். தாழ்ந்த ஒலி சுவரை எளிதாக ஊடுருவும். சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வைத்தால் தரைவழி அதிர்வு குறையும். இரவில் சப்வூஃபரை அணைத்துவிட்டு, ரிசீவரின் இரவு நிலையைத் தேர்ந்தெடுங்கள். அது உரத்ததைத் தணித்து மெல்லியதை உயர்த்தும்.

மீண்டும் அம்மாவின் நாற்காலி

ஒரு சனிக்கிழமை காலையில் அளவு நாடாவோடு உட்கார்ந்தேன். நடு ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து எடுத்துத் திரைக்கு அடியில் வைத்தேன். சிவப்பு, கறுப்பைச் சரிசெய்தேன். பின்பக்க ஸ்பீக்கரைத் தள்ளி உயரத்தில் மாட்டினேன். சப்வூஃபருக்காகத் தவழ்ந்தேன். பழைய கம்பளத்தை விரித்துத் தடித்த திரைச்சீலை மாட்டினேன். புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. அதே "3000 வாட்" பெட்டிதான்.

அன்று இரவு படம் போட்டபோது அம்மா சமையலறையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தம் நாற்காலியில் உட்கார்ந்தார். எதுவும் சொல்லவில்லை. நகைச்சுவைக் காட்சி ஒன்று வந்தது. எங்களோடு சேர்ந்து, அதே நொடியில் சிரித்தார். அவருக்கு யாரும் வசனத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாடநூலில் படிப்பது தேர்வுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மாணவர்களே. உங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி காலியாக இருக்கலாம்.

செய்து பார்க்க

1. உங்கள் இருக்கையிலிருந்து முன் ஸ்பீக்கர் 2.8 மீட்டர், பின் ஸ்பீக்கர் 1.4 மீட்டர். பின் ஸ்பீக்கரை எத்தனை மில்லி விநாடி தாமதிக்க வேண்டும்?
2. 4 மீட்டர் நீளமுள்ள அறையில், நீளவாக்கில் மிகத் தாழ்ந்த ஒத்ததிர்வு அதிர்வெண் என்ன?
3. 25 வாட் ஆம்ப்ளிபயரை விட்டு 100 வாட் வாங்கினால் எத்தனை டெசிபல் கூடும்?
4. உங்கள் வீட்டு ஒலிக் கருவியின் பின்பக்கத் தகட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

விடைகள்: 1) 4 மில்லி விநாடி. 2) ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸ். 3) 6 டெசிபல். 4) உங்கள் விடையை வகுப்பில் ஆசிரியரிடம் காட்டுங்கள்.